குயிற்பெடையின் குரல்: இளவேனிற் பத்தும் இளவேனிற் புறக்காட்சியும்

முன்னுரை

சங்க அகப்பாடல்களில் இயற்கை பெறும் இடம் பற்றிய ஆய்வு தமிழில் நீண்ட வரலாறு உடையது. சங்க இலக்கியம் இயற்கையைக் கையாளும் முறை பற்றிய மு. வரதராசனாரின் ஆய்வு 1957இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. நிலத்தையும் கவிதையையும் இணைத்து நோக்கிய தனிநாயக அடிகளாரின் ஆங்கில நூல் 1966இல் வெளிவந்தது. 1976இல் பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலில் பாடல்களிற் பயிலும் பறவைகளை இன்றைய பறவையியல் அறிவுகொண்டு இனங்கண்டார். க. ரத்னம் தமிழகத்தில் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்தளித்தார். இத்துணை உழைப்பிற்குப் பின்னரும், பாடநூல் உரைகள் பலவற்றில் பறவைப் பெயருக்கு நேரே 'ஒருவகைப் பறவை' என்னும் குறிப்பே நிற்கிறது. மாணவர் அதனை மனனம் செய்து தேர்வில் எழுதுகின்றனர்.

இந்நிலைக்கு ஆய்வுலகில் நிலவும் இருவேறு போக்குகள் காரணமாகலாம். சங்கப் பாடலின் இயற்கை முழுதும் மரபு வழிப்பட்டது. அதனைப் புலத்திற் சென்று சரிபார்த்தல் வேண்டா என்பது ஒரு போக்கு. பாடலின் ஒவ்வோர் அடையும் நேரிற் கண்டு பதிந்த உண்மை. பறவையியல் கூறுவதோடு அது பொருந்தியே ஆகவேண்டும் என்பது மற்றொரு போக்கு. முன்னது பாடலைப் படிப்பவன் வெளியே செல்லத் தேவையில்லை என்கிறது. பின்னது வெளியே சென்று திரும்பியவன் பாடலுக்கு நடுவனாக அமரலாம் என்கிறது. இவ்விரு போக்கும் எங்கே தடைப்படுகின்றன என்பதை ஐங்குறுநூற்று இளவேனிற் பத்தினைக் (341-350) கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு மையமாக அமைவது சிறியதொரு சிக்கல். இப்பத்தின் முதற்பாட்டில் இனிய குரலில் அழைப்பது பெட்டைக்குயில் என உரைகள் கூறுகின்றன. புலத்திலோ அவ்வினிய குரல் ஆண்குயிலுக்கு உரியது.

இளவேனில் என்னும் பொழுது

சிக்கலை அணுகுமுன் பொழுதினைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இளவேனில் என்பது ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் 'ஸ்பிரிங்' என்று வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு வேறு எளிய வழியில்லை என்பது உண்மையே. ஆயினும் அச்சொல் தன்னோடு வேறொரு நிலத்தின் பருவத்தைக் கொண்டுவருகிறது. குளிர்நாடுகளில் அப்பருவம் பனியுருகும் காலம். தெற்கே சென்ற பறவைகள் மீண்டு வரும் காலம். அங்குப் பறவை நோக்குவோர் அப்பருவத்தில் வெளியே செல்வது வந்திறங்கும் பறவைகளை எதிர்கொள்வதற்காகவே.

வேனில் என்னும் தமிழ்ச்சொல்லோ வெம்மையை அடியாகக் கொண்டது. இளவேனில் வெம்மையின் இளமைப்பருவம். தொல்காப்பியம் பாலைக்கு வேனிலைப் பெரும்பொழுதாக உரிமையாக்கிப் பின்பனியும் அதற்கு உரித்து என்கிறது. உரையாசிரியர்கள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என வகுத்தனர். இம்மாதங்களில் தமிழ்நிலத்தில் பறவை நோக்கச் செல்வோர் காண்பது வருகையை அன்று, பிரிவை. குளிர்காலம் கழிக்க வந்த உள்ளான்களும் வாலாட்டிகளும் வாத்துகளும் வடக்கே திரும்பியிருக்கும், அல்லது திரும்பிக்கொண்டிருக்கும். காலையிலும் மாலையிலும் குரல் கொடுத்ததால் ஆறுமணிக்குருவி எனப் பெயர்பெற்ற பறவை தன் இனப்பெருக்க நிலத்தை நாடிப் புறப்பட்டிருக்கும். மாமரத்தோடும் குயிலோடும் சேர்த்துப் பெயரிடப்பட்ட பொன்னிற மாங்குயிலும் தமிழகச் சமவெளியில் குளிர்கால விருந்தினரே; மாந்தோப்புகள் காய்த்துக் குலுங்கும்போது அது விடைபெற்றிருக்கும். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை நிறைந்திருக்கும் ஆரவாரமும் இளவேனிலில் அடங்கத் தொடங்கிவிடும்.

புறப்பட்டுச் செல்லும் பறவையைத் தமிழ்ப்புலவர் அறியாதவர் அல்லர். சத்திமுற்றப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடலில், தென்குமரியில் நீராடி வடதிசை நோக்கிச் செல்லும் செங்கால் நாரையிடம் வறியவன் ஒருவன் தன் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறான். ஆடையின்றி வாடைக்காற்றில் அவன் ஒடுங்கிக் கிடப்பதாகப் பாடல் காட்டும். குளிர்காலத்தைத் தெற்கே கழித்து வேனில் முதிருமுன் வடக்கே திரும்புதல் அந்நாரையின் இயல்பு. பாடலின் திசையும் பருவமும் இவ்வியல்போடு முரண்படவில்லை. அங்கு அசைவது பறவை, அசையாதிருப்பவன் மனிதன்.

இளவேனிற் குயிலின் நிலை இதற்கு மாறானது. தமிழ்நிலத்தில் குயில் ஆண்டு முழுதும் உறையும் பறவை. கூதிரிலும் பனியிலும் அது பெரும்பாலும் ஒலியடங்கி இலைச்செறிவில் மறைந்து வாழும். காகங்கள் கூடுகட்டும் பருவம் நெருங்க, அதன் குரல் எழும். ஒலி அடங்கிய மாதங்களில் அது ஊரைவிட்டு நீங்கியதாக மக்கள் கருதுவதுண்டு. தில்லி போன்ற வடபுலச் சமவெளிகளில் குளிர்காலத்தே குயில் உண்மையிலேயே அரிதாகிவிடுவதால், அங்கிருந்து இப்பாடல்களைப் பயில்வோர்க்குக் குயில் வந்தது, வேனில் வந்தது என்று பொருள்கொள்ளத் தோன்றும்.

இங்கு இளவேனிற் பத்தின் மொழியமைப்பு உற்றுநோக்கத்தக்கது. பத்துப் பாடல்களும் ஒரே தொடக்கம் உடையன. தலைவர் வரவில்லை; தான் வந்துவிட்டது என்று தலைவி தோழியிடம் கூறுகிறாள். வந்தது எது? ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் நிற்பது 'பொழுது' என்னும் சொல். வருதல் வினைக்கு எழுவாய் பறவையன்று, பொழுதே. குயில் வந்ததாக எந்தப் பாட்டும் கூறவில்லை. குரல் எழுப்பியதாகவே கூறுகிறது. அருகிலேயே வாய்மூடி இருந்த ஒன்று இப்போது பேசத் தொடங்கிவிட்டது என்பதே தலைவி கேட்ட செய்தி. தொலைவில் இருப்பவர் வரவில்லை. அருகில் இருந்ததன் மௌனம் கலைந்துவிட்டது. 'ஸ்பிரிங்' என்னும் சொல்லின் வழியே படிப்போர்க்கு இவ்வேறுபாடு நழுவிப்போகிறது.

பத்தின் அடைவு

ஓதலாந்தையார் பாடிய பாலைத்திணை நூறு பாடல்களில் இளவேனிற் பத்தும் ஒன்று. உ. வே. சாமிநாதையர் 1903இல் பழைய உரையுடன் ஐங்குறுநூற்றைப் பதிப்பித்த பின்னரே அது பரவலாகப் பயிலப்பட்டது. இப்பத்தின் உள்ளடக்கத்தை வரிசைப்படுத்திக் காணின், அது களப்பணியாளர் ஒருவரின் குறிப்பேட்டினை நினைவூட்டுகிறது.

முதற்பாட்டில் குயிற்குரலும், நுண்மணல்மேல் நெளிந்தோடும் தெளிநீரும் இடம்பெறுகின்றன. இரண்டாம் பாட்டில் வண்டு ஆர்க்கும் நுணவம், மூன்றாவதில் மொட்டு விரியும் கோங்கம், நான்காவதில் பாவை போன்ற பூவையுடைய குரவம், ஐந்தாவதில் அதிரல், ஆறாவதில் பாதிரியும் மீண்டும் குயிலும், ஏழாவதில் புன்கு, எட்டாவதில் மராஅம், ஒன்பதாவதில் தளிர் ஈனும் மா, பத்தாவதில் பூவுதிர்க்கும் வேம்பு. பத்துப் பாடல்களில் ஒன்பதில் மரமோ கொடியோ உண்டு. குயில் இரண்டில் மட்டுமே உண்டு. இளவேனில் என்றதும் குயிலை மட்டும் நினைக்கும் பழக்கம் பிற்காலத்தது என்பதை இவ்வடைவு காட்டுகிறது.

இம்மரங்களை வெறும் பட்டியலாகவும் கொள்ளவியலாது. ஒவ்வொன்றும் அதன் வளர்ச்சிப் படிநிலையோடு குறிக்கப்பட்டுள்ளது. கோங்கு மொட்டவிழ்கிறது, மா தளிர்க்கிறது, வேம்பு பூவைச் சொரிகிறது, புன்கின் பூ பொரியோடு ஒப்பிடப்படுகிறது. புங்கமரத்தடியில் பங்குனி, சித்திரைக் காலையில் நின்றவர்க்கு இவ்வுவமைக்கு உரை தேவையில்லை. நிலம் முழுதும் பொரி இறைத்தாற்போல் இருக்கும். மொட்டு, மலர்ச்சி, தளிர், உதிர்வு எனப் பிரித்தறியும் இந்நோக்கு, இன்று மரங்களின் பருவமாற்றங்களைப் பதிவுசெய்யும் அறிவியலுக்கு அண்மையில் உள்ளது. 2010 முதல் இந்தியாவில் இயங்கிவரும் சீசன்வாட்ச் என்னும் மக்கள் அறிவியல் திட்டத்தில் மாணவரும் பிறரும் தாம் தேர்ந்த மரத்தின் தளிர், பூ, காய் ஆகிய நிலைகளைத் தொடர்ந்து குறித்துவருகின்றனர். மாவும் வேம்பும் புங்கும் அங்கும் இடம்பெறுகின்றன. இரண்டிற்கும் நோக்கம் வேறு எனினும், இரண்டும் கேட்கும் முதல் வினா ஒன்றே: இம்மரம் இன்று எந்நிலையில் உள்ளது?

இப்பத்தில் மற்றொரு கூறும் உண்டு. இவற்றுட் சில பாடல்கள் மகளிரின் செயலைக் கூறுகின்றன. குரவம் பயந்த பாவையைக் கொய்தல், அதிரல் மலரைக் கூந்தலில் அணிதல், புன்கின் முறியை மேனியில் அப்புதல், மணங்கமழும் பொழில் ஆகியவை வருகின்றன. ஆகவே இளவேனில் என்பது சாளரத்தின் வழியே தனித்துக் காணும் காட்சியன்று. அது பொழிலுக்குச் செல்லும் பருவம். வையைக் கரையில் இளவேனிற் கொண்டாட்டங்களைப் பேசும் பாலைக்கலிப் பாடல்களும் இதனை உறுதிசெய்கின்றன. ஊரார் அனைவரும் வெளியே செல்லும் நாளில், உடன்செல்ல வேண்டியவர் இல்லை என்பதே தலைவியின் துயர். இயற்கையின் அழகு மட்டும் அவளை வருத்தவில்லை. அவ்வழகைக் காணச் செல்லும் வழக்கமும் வருத்துகிறது. இயற்கை வருணனை என்ற தலைப்பின்கீழ் இப்பத்தினை ஒதுக்கிவிடும் ஆய்வுகள் இவ்வழக்கத்தைக் காணத் தவறுகின்றன.

பெடையின் குரல்

இனி, மையச் சிக்கலுக்கு வரலாம். ஆண்குயில் பளபளக்கும் கருநிறம் உடையது. பெட்டை பழுப்புநிறத்தில் வெண்புள்ளிகளும் கோடுகளும் உடையது. இரண்டிற்கும் கண் சிவப்பே. மேன்மேலும் உயர்ந்து செல்லும் 'கூ-ஊ' என்னும் இசைக்குரல் ஆணினுடையது. பெட்டை எழுப்புவது கிக்-கிக்-கிக் என விரைந்தொலிக்கும் கூர்ங்குரல். கரிய பறவை கூவுவதையும் புள்ளியுடைய பறவை அவ்வாறு கூவாமையையும் பலநாள் நோக்கியவர் எவரும் இதனை அறிவர். முதற்பாட்டிலோ குயில், பெடை, இன்குரல், அகவுதல் ஆகிய சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பரவலாக வழங்கும் உரைகள் பெட்டைக்குயில் இனிய குரலில் அகவ என்று பொருள் உரைக்கின்றன.

முதற்போக்கினர் இதனை மரபு என்று கூறி அமைவர். இரண்டாம் போக்கினர் புலவர் பிழைபட்டார் என்பர். அல்லது பாடலைக் காக்க முனைவர். காக்கும் முயற்சிக்கு இலக்கணத்தில் இடமுண்டு. அகவுதல் என்னும் வினைக்கு ஒலித்தல் என்னும் பொருளோடு அழைத்தல் என்னும் பொருளும் உண்டு. 'பெடை' என்பதனை இரண்டாம் வேற்றுமை தொக்க செயப்படுபொருளாகக் கொண்டால், 'குயில் தன் பெடையை இன்குரலால் அழைக்க' என்று பொருள் அமையும். அப்போது கூவுவது ஆணாகும்; புலத்தோடு முரண்பாடு நீங்கும். குயில் என்பதன் ஈற்று லகரம் றகரமாகத் திரிந்திருப்பது இதற்குத் தடையாகுமோ எனின், ஆகாது. லகர ஈறு வல்லினம் வருமிடத்து வேற்றுமையில் றகரமாகத் திரிதலையும், அல்வழியில் அத்திரிபு உறழ்ந்து வருதலையும் நன்னூல் ஒருங்கே கூறுகிறது. எனவே புணர்ச்சி இரு பொருளுக்கும் இடமளிக்கிறது. எதையும் முடிவு செய்யவில்லை.

இவ்வாசிப்பு கவர்ச்சியுடையது. ஆயினும் இதனை ஏற்குமுன் நற்றிணை 118ஆம் பாடலையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றிய அப்பாடலில், தளிர்த்த மாமரப் பொதும்பரில் தன் சேவலோடு கூடிய குயில் மகிழ்ந்து எதிர்க்குரல் கொடுக்கிறது. சேவல் துணையாகக் கூறப்பட்டமையால் குயில் என்னும் பெயர் அங்குப் பெட்டையையே சுட்டுகிறது என்பதில் ஐயமில்லை. அப்பெட்டைக்குச் சிவந்த கண்ணும் 'இரு' என்னும் அடையும் தரப்பட்டுள்ளன. 'இரு' என்பதற்குக் கருமை, பெருமை என இருபொருளும் உண்டு. கருமை எனக் கொண்டால் பெட்டையின் நிறத்தோடு பொருந்தாது. பெருமை எனக் கொண்டால் முரணில்லை. இங்கும் சொல்லின் பொருளை நெகிழ்த்திப் பாடலைக் காக்கலாம்.

ஆனால் இவ்வாறு ஒவ்வோரிடத்தும் பாடலைக் காத்துக்கொண்டே செல்வது எதனைக் காட்டுகிறது? பறவையியலின் முடிவு முன்னரே வகுக்கப்பட்டு, பாடலின் இலக்கணம் அதற்கேற்ப வளைக்கப்படுகிறது என்பதையே காட்டுகிறது. ஐங்குறுநூற்றுக்குச் செய்யும் இலக்கண அமைதி நற்றிணைக்குச் செல்லாது. அங்குக் குரல்தருவது பெட்டையே. இரு பாடல்களையும் ஒருசேர நோக்கும்போது, அகப்பாடலில் குயில் என்றவுடன் பெட்டையை முதன்மையாகக் கொள்ளும் வழக்கு இருந்தது என்பதே நேரிய முடிபாகும். அவ்வழக்கு ஏன் எழுந்தது என்பதே வினவத்தக்கது.

ஆண்குயிலும் பெண்குயிலும்

இவ்வினாவிற்கு வடமொழி மரபோடு ஒப்பிடுதல் துணைசெய்கிறது. காளிதாசரின் குமாரசம்பவம் மூன்றாம் சருக்கத்தில், காலமல்லாக் காலத்தில் வசந்தம் தோன்றுகிறது. மாந்தளிரைச் சுவைத்துக் குரல் கனிந்த குயில் அங்கே கூவுகிறது. அக்குயிலைக் காளிதாசர் 'பும்ஸ்கோகிலம்' என்கிறார். ஆண்குயில் என்பது அச்சொல்லிலேயே வெளிப்படை. பெண்குயில் தன் குஞ்சைப் பிற பறவையைக் கொண்டு வளர்ப்பிக்கும் என்பதைச் சாகுந்தலம் ஐந்தாம் அங்கத்தில் துஷ்யந்தன் எடுத்துக்காட்டுகிறான். ஆகவே ஆணுக்குக் குரலும் பெண்ணுக்கு முட்டையிடும் சூழ்ச்சியுமாகக் காளிதாசர் பிரித்தறிந்துள்ளார். புலத்தோடு ஒப்பிட்டால் அவர் கூற்று முற்றும் சரி.

இதனைக்கொண்டு வடமொழிப் புலவர் பறவையை நோக்கினார், தமிழ்ப்புலவர் நோக்கவில்லை என்று கூறுதல் பொருந்துமா? பொருந்தாது. காளிதாசரின் பாடலில் ஆண்குயிலின் கூவல் ஊடிய மகளிரின் செருக்கைத் தகர்க்கும் மன்மதனின் மொழியாகிறது. அங்குக் குரல் ஆண்பாலிலிருந்து பெண்பாலை நோக்கிச் செல்லும் ஏவல். பேசுபவன் கவி; கேட்பவர் மகளிர். ஆண்குரலே அச்சூழலுக்கு ஏற்றது.

இளவேனிற் பத்திலோ பேசுபவள் தலைவி. அவளே கேட்பவளும் ஆவாள். அவள் கேட்பது ஆணின் ஏவலை அன்று. தன்னை ஒத்த ஒருத்தியின் குரலை. பெட்டை தன் துணையை அழைக்கிறது. அதற்குத் துணை உண்டு. தலைவி அழைக்கவும் இயலாதவள். அவள் துணை தொலைவில் உள்ளான். நற்றிணைப் பாடலில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. பெட்டை சேவலுக்கு எதிர்க்குரல் தருகிறது. அதன்பின் அப்பாடல் தெருத்தெருவாகப் புதுப்பூ விற்றுச் செல்லும் அயலாள் ஒருத்தியைக் காட்டுகிறது. பாதிரிப்பூவை வண்டு சூழக் கொணரும் அவள் பொருட்டுத் தன் நெஞ்சு நோவதாகத் தலைவி கூறுகிறாள். பெட்டைக்குயில், பூவிற்பவள், தலைவி என மூன்று பெண்கள் அப்பாடலில் நிற்கின்றனர். இருவர்க்குக் குரல் உண்டு. ஒருத்தி தன் நோவை மட்டும் கூறுகிறாள். குயிலை ஆணாக்கினால் இவ்வமைப்பு சிதையும்.

பாடும் பறவையைப் பெண்ணாகக் கொள்வது தமிழுக்கு மட்டும் உரியது என்று கூறவும் இயலாது. கிரேக்கத் தொன்மத்தின் வழிவந்த ஐரோப்பியக் கவிதையில் நைட்டிங்கேலும் பெண்ணாகவே பாடப்பட்டுள்ளது. இயற்கையில் அங்கும் பாடுவது ஆணே. தமிழில் குறிப்பிடத்தக்கது இவ்வழக்கின் தொடர்ச்சி. நாச்சியார் திருமொழியின் ஐந்தாம் பதிகத்தில் ஆண்டாள் தன் தலைவன் வரக் கூவுமாறு குயிலை வேண்டுகிறாள். சங்கத் தலைவி கேட்டு வருந்திய குரலை ஆண்டாள் தனக்காகப் பணிசெய்ய ஏவுகிறாள். புதுவை மாந்தோப்பில் பாரதி கேட்ட குயிலும் பெண்ணே. காதலை அதுவே பாடுகிறது. ஷெல்லிதாசன் என்று தன்னை அழைத்துக்கொண்ட பாரதிக்கு ஆங்கிலக் கவிதையின் தூண்டுதல் இருந்திருக்கலாம். எனினும் குயிற்பெடைக்குத் தமிழில் அவர்க்கு முன்பே ஓர் இருக்கை இருந்தது.

வாய்பாடும் கண்ணோட்டமும்

அவ்வாறாயின், பாடலில் நேர்க்காட்சிக்கு இடமே இல்லையோ என்னும் வினா எழும். செங்கண் என்னும் அடை இதற்கு விடை தருகிறது. சிவந்த கண்ணையும் 'இரு' என்னும் அடையையும் சேர்த்துக் குயிலைச் சுட்டும் தொடர் நற்றிணை 118இலும் ஐங்குறுநூறு 346இலும் ஒரே வடிவில் வருகிறது. புலவர் இருவர்; தொடர் ஒன்று. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வில், சங்கப் பாடல்களின் இத்தகு தொடர்களை வாய்மொழி மரபின் வாய்பாடுகளாக விளக்கினார். இத்தொடரும் அவ்வகையினது என்பதில் தடையில்லை.

ஆனால் வாய்பாடு என்று பெயரிட்டதும் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. குயில் எளிதிற் காட்சிக்கு அகப்படாத பறவை. மாமரத்தடியில் நின்று அதன் குரலைக் கேட்பது எளிது. இலைகளுக்கிடையே அதனைக் காண்பது அரிது. அதன் கண் சிவப்பெனக் காணுமளவு அணுகுவது அதனினும் அரிது. இவ்வடையை முதன்முதற் படைத்தவர் பொறுமையோடு நின்று நோக்கியவராதல் வேண்டும். ஆணுக்கும் பெட்டைக்கும் பொதுவான அடையாளம் கண்ணின் சிவப்பே என்பதும் நினைவிற்குரியது. குரலை யார்க்கு உரிமையாக்கினாலும் இவ்வடை பிழைபடாது. ஒருவர் கண்டதைப் பலர் பாடும்போது காட்சி வாய்பாடாகிறது. வாய்பாடு அக்காட்சியை அழியாமற் காக்கிறது. மரபு நேர்க்காட்சிக்கு எதிரானது என்னும் முற்கோள் இங்குத் தகர்கிறது.

இதற்குரிய கோட்பாட்டைத் தொல்காப்பியமே தந்துள்ளது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைந்ததே பாடல்சான்ற புலனெறி வழக்கம் என்கிறது அகத்திணையியல். முதற்போக்கினர் நாடக வழக்கை மட்டும் பற்றினர். இரண்டாம் போக்கினர் உலகியல் வழக்கை மட்டும் பற்றினர். குயிலின் கண் உலகியல். பெடையின் இன்குரல் நாடகம். ஒரே பறவையில் இரண்டும் உறைகின்றன. எது எதுவெனப் பிரித்தறிய, நூலறிவும் வேண்டும். புல அறிவும் வேண்டும். பெட்டையின் உண்மைக் குரலை அறியாத ஒருவர், இன்குரல் அதற்குத் தரப்பட்டது கவியின் தெரிவு என்பதையும் அறியமாட்டார்.

வகுப்பறையும் பொழிலும்

இவ்வாய்வின் பயன் வகுப்பறையில் விளங்கும். தமிழகத்திற்கு வெளியேயுள்ள தமிழ்த்துறைகளிற் பயிலும் மாணவர் பலர், மருதத்தையும் நெய்தலையும் கண்டறியாமலே திணைக்கோட்பாடு கற்கின்றனர். தமிழகத்து நகரக் கல்லூரிகளிலும் நிலைமை வேறன்று. ஆயினும் இளவேனிற் பத்தில் வரும் மாவும் வேம்பும் புன்கும் இந்தியாவின் பல பகுதிகளில் சாலையோரத்திலேயே நிற்கின்றன. குயிலும் அரிய பறவையாகிவிடவில்லை. 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்களின் ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, பல இனங்கள் குறைந்துவருவதைக் காட்டியது. எண்ணிக்கை பெருகிவரும் சிலவற்றுள் குயிலும் ஒன்று. எனவே இப்பத்தினைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பொழில் எட்டாத தொலைவில் இல்லை. ஏப்ரல் மாதக் காலை ஒன்றில் மாணவரோடு ஒரு மணிநேரம் வளாகத்தில் நடந்து, எம்மரம் எந்நிலையில் உள்ளது, எக்குரல் எப்பறவையது என்று குறிக்கச் செய்தல் போதும். அதன்பின் பாடலைப் படித்தால், 'ஒருவகைப் பறவை' என்னும் குறிப்பு அவர்க்குப் போதாமற் போகும். அப்போதாமையே இலக்கியக் கல்வியின் தொடக்கம்.

இத்தகைய நோக்குக்குத் தமிழிலேயே முன்னோடி உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912-1996), கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றிய பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, 'மழைக்காலமும் குயிலோசையும்' 2002இல் நூலாயிற்று. தமிழில் உயிரினங்களைப் பற்றி நுட்பமாக எழுதச் சொற்பஞ்சம் இல்லை என்பதற்கு அந்நூல் சான்று. அது தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் சங்க இலக்கியத்திற்கு அருகே வைத்துப் பயிலப்பட வேண்டியது. அறிவியல் தமிழ் என்னும் தனிப்பெட்டிக்குள் அதனை ஒதுக்கிவைப்பது இழப்பாகும்.

அதேவேளை ஓர் எச்சரிக்கையும் தேவை. அண்மைக்காலச் சூழலியத் திறனாய்வு, சங்கப் பாடல்களை இயற்கைப் பாதுகாப்பின் ஆவணங்களாகக் காட்ட விரைகிறது. இளவேனிற் பத்தின் தலைவி மரங்களைக் காக்கப் பேசவில்லை. வாராத ஒருவனைப் பற்றிப் பேசுகிறாள். மரங்களையும் குயிலையும் இவ்வளவு துல்லியமாக அவள் குறிப்பது, அவை ஒவ்வொன்றும் அவன் தந்த தவணையின் சாட்சி என்பதனால்தான். பத்தின் கடைசிப் பாட்டில் வேப்பம்பூ உதிர்வதும் அவன் இன்சொல்லால் தெளிவித்ததும் ஒருங்கே வருகின்றன. பொழுதை அறிவது அவளுக்குக் காத்திருப்பின் கணக்கு. அக்கணக்கு பிழைபடக்கூடாது என்பதனாலேயே காட்சியும் பிழைபடவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. இளவேனிற் பத்தில் வந்ததாகக் கூறப்படுவது பொழுதே. குயில் அந்நிலத்தில் முன்னரே உறைந்தது. அதன் மௌனம் கலைந்ததே செய்தி. இப்பத்து குயிலைக் காட்டிலும் மரங்களின் படிநிலைகளையே மிகுதியாகப் பதிவுசெய்கிறது. அதனூடே பொழிலுக்குச் செல்லும் வழக்கத்தையும் காட்டுகிறது. இன்குரலைப் பெட்டைக்கு உரிமையாக்கியதை இலக்கண அமைதியால் மாற்ற ஐங்குறுநூறு இடந்தரினும் நற்றிணை இடந்தரவில்லை. அது தலைவி கூற்றாக அமையும் அகக்கவிதையின் தேவையால் விளைந்த தெரிவு. காளிதாசரின் ஆண்குயிலோடு ஒப்பிட அத்தெரிவின் காரணம் விளங்குகிறது. செங்கண் என்னும் அடையில் ஒரு காலத்து நேர்க்காட்சி வாய்பாடாகி நிலைத்துள்ளது.

கூவுவது ஆண் என்று அறிந்தவுடன் பாடல் பொய்யாவதில்லை. அங்கே ஏன் ஒரு பெண்ணின் குரல் கேட்டது என்று அப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. அவ்வினாவை மாணவர் தாமே கேட்குமாறு செய்ய, உரைநூலையும் பொழிலையும் ஒருங்கே திறந்துவைப்பது தமிழாசிரியர் கடன்.